ராக்கெட் குழாய்க்குள் பசை தடவுவது எப்படி: மோட்டார் மவுண்ட் பாதியில் சிக்காமல் இருக்க

மாடல் ராக்கெட்டில் ஃபின், அதாவது வால்பக்க இறக்கை, ஒட்டுவது கண்ணெதிரே நடக்கும் வேலை. கோணினால் உடனே தெரியும், திருத்தலாம். குழாய்க்குள் மோட்டார் மவுண்டை, அதாவது எரிமருந்து மோட்டாரைப் பிடித்து நிற்கும் பகுதியை, ஒட்டுவது அப்படி இல்லை. கை நுழையாது, கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. தவறு நடந்துவிட்டது என்று தெரியும்போது பசை இறுகியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் முதல் ராக்கெட்டைக் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் முதல் மவுண்ட் குழாய்க்குள் பாதி, வெளியே பாதி என்று நின்றது. இழுத்தும் வரவில்லை, தள்ளியும் போகவில்லை.

விளக்கத்துக்கு எஸ்டெஸ் நிறுவனத்தின் பிக் பெர்த்தா வகை ராக்கெட்டை எடுத்துக்கொள்கிறேன். உடல் குழாய் பிடி-60 (பிடி என்பது குழாயின் அளவுக் குறி), அதற்குள் 18 மி.மீ. மோட்டாருக்கான பிடி-20 குழாய், இரண்டுக்கும் நடுவே இரண்டு சென்டரிங் ரிங், அதாவது உள்குழாயை மையத்தில் நிறுத்தும் அட்டை வளையங்கள். இந்த ஒரு வேலை கைக்கு வந்துவிட்டால் மற்றக் குழாய்களுக்கும் இதே முறைதான், அளவு மட்டும் மாறும். மாறுபடும் நான்கு இடங்களைக் கடைசியில் சொல்கிறேன்.

1. எந்தப் பசை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

குழாயும் அட்டை, ரிங்கும் அட்டை. மரவேலைக்கு விற்கும் மஞ்சள் பசையும் சரி, ஃபெவிகால், எல்மர்ஸ் போன்ற வெள்ளைப் பசையும் சரி, தண்ணீரில் கலந்தவை. பசை பட்டதும் அட்டை அந்தத் தண்ணீரை உறிஞ்சி ஊதுகிறது. தண்ணீரை இழந்த பசை அங்கேயே கெட்டியாகிறது. ரிங் ஊதி, பசையும் கெட்டியானால் சில நொடிகளில் பிடித்துக்கொள்ளும். மவுண்ட் பாதியில் நிற்பதற்கு முழுக் காரணமும் இதுதான்.

மஞ்சள் பசை மிக வேகமாகப் பிடிக்கும். ஃபின் ஒட்டும்போது அது வரம், குழாய்க்குள் அதுவே சாபம். வெள்ளைப் பசை சற்று நேரம் கொடுக்கும். பழகும்வரை குழாய்க்குள் வெள்ளைப் பசையையே பயன்படுத்துங்கள். "மஞ்சள்தானே பலமானது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டுமே அட்டையை விடப் பலமானவை. பிய்த்துப் பார்த்தால் அட்டைதான் கிழியும், ஒட்டு விடாது. அதனால் அந்தக் கேள்விக்கு இங்கே பொருளில்லை.

இரண்டு பகுதிகளைக் கலந்து இறுகவிடும் எபாக்ஸிப் பசையில் தண்ணீர் இல்லை, அட்டை ஊதாது, ரிங் வழுக்கிக்கொண்டே போகும். ஆனால் எடை கூடும், விலையும் கூடும், கையில் ஒட்டினால் தொல்லை. சின்ன ராக்கெட்டுக்கு அது தேவையில்லை. இந்த அளவு ராக்கெட்டில் போடும் சி6 மோட்டாரின் உச்ச உந்துவிசையே ஏறக்குறைய 14 நியூட்டன்தான், ஒன்றரைக் கிலோவை ஒட்டிய பாரம். மெல்லிய வெள்ளைப் பசை வளையம் அதைத் தாராளமாகத் தாங்கும்.

சூப்பர் க்ளூவை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். ரிங் நகரும் முன்பே பிடித்துவிடும். குழாய்க்குள் எட்டிப் பார்க்கும்போது அதன் ஆவி நேரே கண்ணில் அடிக்கும்.

2. பாட்டிலைத் திறக்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

பசை தடவிய பிறகு எதையும் தேடி எழுந்து போக முடியாது. அதனால் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஏறக்குறைய 30 செ.மீ. நீளமும் 6 மி.மீ. தடிமனும் உள்ள உருண்டையான மரக்குச்சி ஒன்று. மாஸ்கிங் டேப். ஸ்கேல், பென்சில். 220 அல்லது 320 நம்பர் உப்புத்தாள். எரிந்து முடிந்த 18 மி.மீ. மோட்டாரின் வெற்றுக் கூடு ஒன்று. ஈரத் துணி. காது குடையும் பஞ்சுக்குச்சி நாலைந்து. போன் டார்ச். வேலை முடிந்ததும் ராக்கெட்டை நிறுத்தி வைக்க ஒரு கனமான டம்ளர்.

எரிந்த கூடு என்றால் எரிந்த கூடுதான். புது மோட்டாரை அளவு பார்க்கவோ தள்ளவோ எடுக்காதீர்கள். உள்ளே மருந்து இருக்கிறது, பசையின் ஈரமும் அதற்கு ஆகாது. கூடு கிடைக்காவிட்டால் அதே தடிமனில் அட்டையைச் சுருட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

பசை பாட்டிலின் மூக்கை அப்படியே குழாய்க்குள் விட்டுப் பிதுக்குவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. மூக்கு எட்டும் ஆழம் 3 செ.மீ.தான். அங்கே விழுவதும் ஒரே குவியலாக விழும். வழியெல்லாம் சுவரில் தேய்த்துக்கொண்டு வேறு வரும்.

3. பசையில்லாமல் ஓர் ஒத்திகை

ரிங்குகளை மோட்டார் குழாயில் ஏற்கெனவே ஒட்டி, அந்த ஒட்டு முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். பிறகு மவுண்டை உடல் குழாய்க்குள் விட்டு எடுங்கள். ஒரு விரலால் தள்ளினால் நிற்காமல் போக வேண்டும். இரண்டு கையால் அழுத்தினால்தான் நகர்கிறது என்றால் பசை பட்டதும் நிச்சயம் சிக்கும்.

இறுக்கமாக இருந்தால் ரிங்கின் வெளி விளிம்பை உப்புத்தாளில் சுற்றிவரத் தேயுங்கள். ஓரிடத்தில் மட்டும் தேய்த்தால் வட்டம் கெட்டு மோட்டார் ஒரு பக்கம் சாயும். சாய்ந்த மோட்டார் ராக்கெட்டையும் சாய்த்தே தள்ளும். ரிங் பொலபொலவென்று தளர்வாக விழுந்தாலும் கெடுதல்தான். விளிம்பில் ஒரு சுற்று மெல்லிய காகிதம் ஒட்டிச் சரிசெய்யுங்கள். இடைவெளியைப் பசையால் நிரப்பலாம் என்று நினைக்காதீர்கள், வெள்ளைப் பசை உலரும்போது சுருங்கிவிடும்.

மோட்டார் பின்னால் நழுவாமல் பிடிக்கும் கொக்கி எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்து, குழாயின் வாயில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். லாஞ்ச் லக், அதாவது ஏவுதளக் கம்பி நுழையும் சின்னக் குழாய், ஒட்டும் கோட்டுக்கு நேரே கொக்கி வந்தால் அந்தக் கம்பி கொக்கியில் இடிக்கும். பசை போட்ட பிறகு மவுண்டைத் திருப்ப நேரம் கிடைக்காது.

4. ஆழத்தைக் குச்சியில் குறிப்பது

மவுண்டை அதன் கடைசி இடத்தில் வைத்து அளந்துகொள்ளுங்கள். என் எடுத்துக்காட்டில் மோட்டார் குழாய் 70 மி.மீ., அதன் பின்முனை உடல் குழாயின் பின்முனையோடு சமமாக நிற்கிறது. முன் ரிங்கின் முன்முகம் உடல் குழாயின் பின்வாயிலிருந்து 60 மி.மீ. ஆழத்தில் இருக்கும். பின் ரிங்கின் பின்முகம் 12 மி.மீ. ஆழத்தில் இருக்கும்.

குச்சியின் நுனியிலிருந்து 55 மி.மீ. தூரத்தில் மாஸ்கிங் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். டேப்பின் விளிம்பு குழாய் வாய்க்கு நேரே வரும்போது குச்சியின் நுனி 55 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது என்று தெரியும். உள்ளே பார்க்கவே வேண்டாம்.

முன் ரிங் 60-இல் நிற்கப்போகிறது, பசையை ஏன் 55-இல் போட வேண்டும்? ரிங் பயணத்தின் கடைசி 5 மி.மீ. மட்டும் பசைக்குள் போக வேண்டும் என்பதற்காக. பசையை 20-இல் போட்டால் 40 மி.மீ. தூரம் ரிங் பசையை இழுத்துக்கொண்டு போகும், நடுவழியில் பிடித்துக்கொள்ளும். 65-இல் போட்டால் ரிங் பசையைத் தொடவே தொடாது. அந்த ராக்கெட் பார்வைக்குச் சரியாக இருக்கும், ஏவியதும் மவுண்ட் மட்டும் உடலுக்குள் ஓடிவிடும். இரண்டையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் மைதானத்துக்குப் போகும்வரை அது தெரியாது.

5. பசை சுவரில், ரிங்கில் அல்ல

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ரிங்கின் விளிம்பில் பசை தடவி உள்ளே விட்டால் குழாயின் வாய் அந்தப் பசையை வழித்து எடுத்துவிடும். வழித்தது போக மிஞ்சியது சுவர் நெடுகப் பூசிக்கொண்டு போகும். ரிங் சேர வேண்டிய இடத்தைச் சேரும்போது விளிம்பில் ஒன்றும் இருக்காது. அதற்குள் விளிம்பு ஈரத்தில் ஊதியும் இருக்கும். ஒட்ட வேண்டிய இடத்தில் பசையில்லை, ஒட்டக் கூடாத இடமெல்லாம் பசை.

பசையைச் சுவரில் வளையமாகப் போட்டால் கதை மாறிவிடும். ரிங் உலர்ந்தபடியே வழுக்கிக்கொண்டு போய்க் கடைசியில் பசையைச் சந்திக்கிறது. பசையைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. தள்ளப்பட்ட பசை ரிங்குக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள மூலையில் வயல் வரப்பு மாதிரி அணைத்து உட்காரும். ஃபில்லெட் என்று சொல்வது இதைத்தான். இனி இதை வரப்பு என்றே எழுதுகிறேன். மோட்டார் முன்னோக்கித் தள்ளும்போது பாரம் விழுவது அந்த வரப்பின் மேல். கைக்கு எட்டாத இடத்தில் தானாகவே வரப்பு கட்டிக் கொடுக்கிறது இந்த முறை.

6. வளையம் போடுவது

குழாயை மேசைக்குக் கிடையாக, இடது கையில் பிடியுங்கள். செங்குத்தாகப் பிடித்தால் பசை வழிந்து இறங்கும். முன்பக்கம் வழிந்த பசை உலர்ந்து முண்டாகிவிட்டால் பாராசூட்டும் அதைச் சூட்டிலிருந்து காக்கும் வாடிங் தாளும் அதில் மாட்டிக்கொள்ளும்.

குச்சியின் நுனியில் ஒரு பட்டாணி அளவு பசை எடுங்கள். சுவரில் படாமல் குழாயின் நடுவே உள்ளே விடுங்கள். டேப் விளிம்பு வாய்க்கு நேரே வந்ததும் நுனியைச் சுவரில் தொடவையுங்கள். இனிக் குச்சியை அசைக்காதீர்கள். இடது கை விரல்களால் குழாயை உருட்டுங்கள். குச்சியைச் சுழற்றினால் கை நடுங்கி வளையம் கோணும். குழாயைச் சுழற்றினால் குயவர் சக்கரத்தில் விரல் வைத்தது போல ஒரே மட்டத்தில் வளையம் வரும்.

பிடி-60 குழாயின் உள் விட்டம் 40.5 மி.மீ., உள் சுற்றளவு 127 மி.மீ. ஒரு பட்டாணி அளவு முழுச் சுற்றுக்கு வராது. இரண்டு மூன்று தடவை எடுக்க வேண்டியிருக்கும். 3 மி.மீ. அகலத்துக்கு மெல்லிய வளையம் போதும். டார்ச்சை மறுமுனையிலிருந்து அடித்து, வளையம் எங்காவது அறுந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். வழியில் சுவரில் சொட்டியிருந்தால் பஞ்சுக்குச்சியால் துடைத்துவிடுங்கள்.

அதிகம் போட்டால் பலம் கூடும் என்ற நினைப்பு எல்லோருக்கும் வரும். கூடுவது எடைதான், அதுவும் வால் பக்கம். வால் கனத்தால் ஈர்ப்பு மையம் பின்னால் நகரும். அது பின்னால் போகப் போக ராக்கெட் நேராகப் பறக்கும் குணத்தை இழக்கும்.

7. தள்ளுவது: எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது

பின் ரிங்குக்கும் பசை வேண்டும். அதன் வளையத்தையும் முதலிலேயே போட்டுவிட்டால் முன் ரிங் அதைக் கடந்துதான் போக வேண்டும், இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் வேலையை இரண்டாகப் பிரிக்கிறோம்.

முதலில் பென்சில் கோட்டுக்கு நேரே கொக்கியை வைத்து, பின் ரிங் குழாய் வாயில் நுழையப்போகும் நிலைவரை மவுண்டைத் தள்ளுங்கள். இப்போது முன் ரிங் ஏறக்குறைய 46 மி.மீ. ஆழத்தில் இருக்கும், 55-இல் உள்ள பசையை இன்னும் தொட்டிருக்காது. இங்கே நிற்கலாம். பின் ரிங்கைத் தாண்டி வாய்க்குள் குச்சியை விட இடம் வேண்டுமென்றால் மவுண்டை 3, 4 மி.மீ. பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். வாயிலிருந்து 7 மி.மீ. உள்ளே, சுவரில், இரண்டாவது வளையத்தைப் போடுங்கள். இது கண்ணுக்குத் தெரியும் இடம், அதனால் எளிது. ஆனால் ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். முதல் வளையம் உள்ளே காத்திருக்கிறது.

பிறகு ஒரே தள்ளு. மோட்டார் குழாயின் பின்முனை உடல் குழாயோடு சமமாகும்வரை நிற்காமல் தள்ளுங்கள். ரிங் பசையைத் தொட்ட நொடியிலிருந்து கை நிற்கவே கூடாது. "கோட்டுக்கு நேரே இருக்கிறதா?" என்று நிறுத்திப் பார்ப்பவர்கள்தான் சிக்குவார்கள். பிள்ளைகளை விட அவர்களுடைய அப்பாக்கள் இதில் அதிகம் மாட்டிக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன். பத்து வயதுப் பையன் சட்டென்று தள்ளிவிட்டு நிமிர்ந்துவிடுவான். அப்பா நிதானமாக, பொறுப்பாக, ஒவ்வொரு மில்லிமீட்டராகத் தள்ளுவார். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது இந்த ஓர் இடத்தில் தலைகீழ்.

சமமாகத் தள்ள ஓர் எளிய வழி: மவுண்டைப் பாதி விட்டபின் குழாயின் பின்முனையை மேசைமேல் கவிழ்த்து, உடல் குழாயை மேலிருந்து அழுத்துவது. மேசையே அளவுகோலாகிவிடும். கொக்கி 6 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் அது மட்டும் மேசை விளிம்புக்கு வெளியே தொங்கட்டும்.

8. நிறுத்தி வைப்பது

தள்ளி முடித்ததும் எரிந்த கூட்டை மோட்டார் குழாய்க்குள் ஒருமுறை விட்டு உடனே எடுத்துவிடுங்கள். உள்ளே பசை சிந்தியிருந்தால் கூட்டில் ஒட்டி வரும், துடைத்துவிடலாம். கூட்டை உள்ளேயே விட்டுவைத்தால் அது நிரந்தர மோட்டாராகிவிடும்.

பிறகு ராக்கெட்டைப் பின்முனை கீழே இருக்கும்படி டம்ளருக்குள் நிறுத்துங்கள். பசை ஈரமாக இருக்கும்வரை மெல்ல இறங்கும். பின்முனை கீழே இருந்தால் முன் ரிங்கின் மேலேயே இறங்கித் தங்கி வரப்பைக் கெட்டிப்படுத்தும். தலைகீழாக வைத்தால் ரிங்கை விட்டு உடல் குழாய் நெடுக வழிந்துவிடும். படுக்கவைத்தால் ஒரு பக்கமாகச் சேரும்.

குழாய்க்குள் காற்றோட்டம் குறைவு. வெளியே அரைமணியில் கெட்டியாகும் பசை உள்ளே ஈரமாகவே இருக்கும். இரண்டு வாயையும் திறந்து வைத்து ஓர் இரவு விடுங்கள். நோஸ் கோனை, அதாவது ராக்கெட்டின் கூம்பு மூக்கை, மாட்டி அழகு பார்க்க வேண்டாம், ஈரம் உள்ளேயே அடைந்துவிடும்.

மறுநாள் ராக்கெட்டைத் தலைகீழாக நிறுத்தி, பின் ரிங்கைச் சுற்றி, வெளியே தெரியும் மூலையில் ஒரு வரப்புப் போடுங்கள். பாராசூட்டை வெளியே தள்ள மோட்டாருக்குள் கடைசியில் நடக்கும் சின்ன வெடிப்பு மோட்டாரைப் பின்னோக்கி உதைக்கும். அந்த உதையை வாங்குவதற்குத்தான் இந்த வரப்பு. கொக்கியின் மேல் மட்டும் பசை படக் கூடாது, பட்டால் வளையாது.

9. வெளிச்சம் விட்டுப் பார்ப்பது

மோட்டார் குழாயின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு, ராக்கெட்டின் முன்வாயில் டார்ச்சை அடியுங்கள். அறை இருட்டாக இருக்கட்டும். ரிங்கைச் சுற்றி எங்காவது வெளிச்சக் கீற்று தெரிந்தால் அங்கே பசையில்லை.

ஒட்டு விடும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வெடிப்பின் வாயு முன்னோக்கிப் போய்ப் பாராசூட்டைத் தள்ள வேண்டும். ரிங்கைச் சுற்றி ஓட்டை இருந்தால் வாயு பின்னால் கசியும், அழுத்தம் போதாமல் நோஸ் கோன் கழலாது. அப்புறம் ராக்கெட் அம்பு மாதிரி வந்து மண்ணில் குத்தும். கீற்றுத் தெரிந்த இடத்தில் பின்பக்கமிருந்து இன்னொரு சுற்று வரப்புப் போட்டால் சரியாகிவிடும்.

10. மெல்லிய ராக்கெட்டில் தடுப்பு வளையம்

சில ராக்கெட்டுகளில் உடல் குழாயே பிடி-20. தனி மவுண்ட் கிடையாது. மோட்டார் முன்னால் ஓடாமல் இருக்க ஒரு சின்ன அட்டை வளையம் மட்டும் உள்ளே ஒட்ட வேண்டும். பார்க்க எளிது, சிக்குவதில் இதுதான் முதலிடம். வளையத்தின் முழு வெளிப்பரப்பும் சுவரை உரசிக்கொண்டு போவதால் ஈரம் பட்டதும் உடனே பிடிக்கும்.

மோட்டார் 70 மி.மீ., அதில் 6 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், எரிந்தபின் பிடித்து இழுக்க. ஆக வளையம் 64 மி.மீ. ஆழத்தில் நிற்க வேண்டும். எரிந்த கூட்டில் 64 மி.மீ. அளந்து அங்கே மாஸ்கிங் டேப்பை நாலைந்து சுற்றுக் கனமாகச் சுற்றுங்கள். வெறும் பென்சில் கோடு போதாது, தள்ளும் வேகத்தில் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். தாண்டினால் வளையத்தைப் பின்னால் இழுக்க வழியே இல்லை. டேப் மேடு குழாய் வாயில் இடித்துத் தானாக நிறுத்தும்.

வளையத்தைக் குழாய்க்குள் கொஞ்சம் விட்டுவிட்டுப் பிறகு பசை போடலாம் என்று தோன்றும். வேண்டாம். பசை வளையத்தை 60 மி.மீ. ஆழத்தில் முதலில் போட்டுவிட்டு, அட்டை வளையத்தை வாயில் வைத்து, கூட்டால் ஒரே மூச்சில் தள்ளுங்கள். டேப் இடித்த மறுநொடி கூட்டை உருவிவிடுங்கள். "ஒழுங்காக ஒட்டட்டுமே" என்று பத்து நொடி பிடித்தால் கூடும் சேர்ந்து ஒட்டிவிடும்.

11. இரண்டு குழாய்களை இணைக்கும்போது

இணைப்புக் குழாய், அதாவது கப்ளர், ரிங்கைப் போல ஒரு கோட்டில் தொடாது. பல செ.மீ. நீளத்துக்குச் சுவரோடு ஒட்டியிருக்கும். இங்கே மஞ்சள் பசைக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. உலரும்போது சுருங்கி, மெல்லிய குழாயை உள்ளே இழுக்கும். பிடி-50 குழாயின் சுவர்க் கனம் 0.33 மி.மீ.தான். இணைப்புக்கு வெளியே இடுப்பு மாதிரி ஒரு பள்ளம் விழும். பெயின்ட் அடித்தபின் அது பளிச்சென்று தெரியும். அதனால் கப்ளருக்கு மட்டும் எபாக்ஸி என்பது என் வழக்கம்.

கப்ளரின் நடுவே பென்சிலால் சுற்றுக்கோடு போடுங்கள். முதல் குழாயின் வாயிலிருந்து 5 மி.மீ. உள்ளே பசையை மெல்லியதாகத் தடவி, கப்ளரைப் பாதிக் கோடுவரை லேசாகத் திருகிக்கொண்டே தள்ளுங்கள். திருகினால் பசை சுற்றிலும் பரவும். அது முழுக்க இறுகியபின் அடுத்த குழாய். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒட்டினால் கப்ளர் முழுவதும் ஒரு பக்கத்துக்குள் போய்விடும். இணைத்ததும் மேசையில் உருட்டிப் பாருங்கள். கோணியிருந்தால் உருளும்போது துள்ளும், அப்போதே நிமிர்த்திவிடலாம்.

12. ஷாக் கார்டு ஒட்டுவது: இங்கே மட்டும் விதி மாறுகிறது

நோஸ் கோனையும் உடலையும் இணைக்கும் எலாஸ்டிக் கயிற்றை மூன்று மடிப்புக் காகிதத்தில் பொதிந்து குழாயின் முன்பக்கம் உள்ளே ஒட்டுவார்கள். இதில் பசையைக் காகிதத்தில்தான் தடவ வேண்டும். இந்தக் காகிதம் வழுக்கிக்கொண்டு போய் நிற்கும் துண்டு அல்ல. நடுவெளியில் கொண்டுபோய்ச் சுவரில் அழுத்தும் துண்டு. வழியில் எதுவும் வழித்துவிடப் போவதில்லை.

நோஸ் கோனின் தோள்பகுதி எவ்வளவு ஆழம் உள்ளே நுழைகிறது என்று அளந்து, அதற்கும் 10 மி.மீ. கீழே ஒட்டுங்கள். வாய் ஓரத்திலேயே ஒட்டிவிட்டு நோஸ் கோன் ஏறவில்லை என்று வந்து நிற்பவர்கள் மாதம் ஒருவராவது உண்டு. கட்டைவிரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், குழாயின் வளைவுக்கு ஏற்பக் காகிதம் வளைய வேண்டும். பிறகு காகிதத்தின் விளிம்புகள் மேல் விரலால் மெல்லிய பசைப் படலம் பூசினால் பாராசூட் நுனியில் மாட்டாது. சூப்பர் க்ளூ எலாஸ்டிக்கில் பட்டால் விறைத்து ஒடியும், பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

13. சுவரைத் துளைத்து நுழையும் ஃபின்கள்

கொஞ்சம் பெரிய ராக்கெட்டுகளில் ஃபின்னின் அடிப்பகுதி குழாயிலுள்ள பிளவு வழியே நுழைந்து மோட்டார் குழாயைத் தொடும். உள்ளே அந்த மூலைகளிலும் வரப்புப் போட்டால் ஃபின் சாமானியத்தில் பிடுங்கிக்கொண்டு வராது. ஆனால் வரிசை முக்கியம்: பின் ரிங்கை ஒட்டாதீர்கள். ஒட்டிவிட்டால் உள்ளே போக வழி அடைந்துவிடும். தள்ளும்போது மவுண்ட் கோணாமல் குழாயின் மையத்தில் இருக்க வேண்டுமே, அதற்காகப் பின் ரிங்கைப் பசையில்லாமல் மாட்டி, பிறகு பிடித்து இழுக்க மாஸ்கிங் டேப்பில் ஒரு காது வைத்துவிடுங்கள்.

முன் ரிங் உலர்ந்து, ஃபின்களும் ஒட்டியபின் பின் ரிங்கை உருவிவிடுங்கள். 30 நிமிட எபாக்ஸியைக் கலந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் ஒரு மெல்லிய ஸ்ட்ராவைச் சொருகி, மூலை நெடுக விடுங்கள். 5 நிமிட எபாக்ஸி வேண்டாம். மொத்தமாக இருக்கும்போது அது தன் சூட்டிலேயே இன்னும் வேகமாக இறுகும், சிரிஞ்சுக்குள்ளேயே கல்லாகிவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ராக்கெட்டைக் கிடையாக வைத்து, பசை விடும் மூலை அடியில் வரும்படி திருப்புங்கள். எபாக்ஸி தானே மட்டமாக ஓடி நிற்கும். அது இறுகும்வரை திருப்பாதீர்கள். ஒரு மாலைக்கு ஒரு ஃபின் என்று வைத்துக்கொண்டால்கூட மூன்று நாலு நாள்தான். எல்லாம் முடிந்தபின் பின் ரிங்கை வெள்ளைப் பசையில் ஒட்டி மூடுங்கள்.

14. பாதியில் சிக்கிவிட்டால்

முதல் சில நொடிகளில் தெரிந்துவிட்டால் திருகிக்கொண்டே தள்ளுங்கள். நேரே அழுத்துவதை விடத் திருகினால் ஒட்டு எளிதில் விடும். நகரவில்லை என்றால் பின்முனையை மேசையில் ஊன்றி, உடல் குழாயை ரிங்குக்கு நேரே உள்ளங்கையால் சுற்றிப் பிடித்து ஒருமுறை பலமாக அழுத்துங்கள். மேலே நுனியைப் பிடித்து அழுத்தினால் குழாய் மடிந்துவிடும். சுத்தியல் எடுக்காதீர்கள், மோட்டார் குழாய் நசுங்கும்.

அப்படியும் நகராவிட்டால் விட்டுவிடுங்கள். தண்ணீர் விட்டு ஊறவைத்தால் பசையோடு குழாயும் பிரிந்து சுருள் சுருளாக வரும். மவுண்ட் 5 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பெரிய கெடுதலில்லை. உலரவிட்டு, கைக்கு எட்டும் மூலையில் வரப்புப் போட்டு, முன் ரிங்குக்கு முன்வாய் வழியாக நீளக் குச்சியால் ஒரு பசை வளையம் கொடுத்துப் பறக்கவிடலாம். 30 மி.மீ. வெளியே நின்றால் அந்தக் குழாயை வெட்டிப் போட்டுவிட்டுப் புதுக் குழாய் எடுங்கள். ரிங்குகளைக் கூரிய கத்தியால் சுரண்டி மீட்கப் பார்ப்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். நான் அப்படி மீட்ட மவுண்ட் ஒன்று இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது, எந்த ராக்கெட்டுக்குள்ளும் நேராக நிற்கவில்லை.